ஸ்கூல் முடிஞ்சது... அப்புறம்?

போன செமஸ்டர் லீவுல நான் ஒரு நல்ல காரியம் பண்ணினேன். அதாவது, நல்ல காரியம்னு நினைச்சுக்கிட்டு ஒண்ணு பண்ணினேன்.

ஆம்பூர்ல எங்க தெருவுலயே வளர்ந்த நண்பன் ஒருத்தன். ஒண்ணா கோலி விளையாடி, ஒண்ணா திட்டு வாங்கினவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. இப்போ வேலூர்ல ஒரு கல்லூரியில பி.ஏ. கடைசி வருஷம். பேங்க் எக்ஸாமுக்குத் தயாராகிறான். "மச்சி, உன்கிட்ட ஆப்டிட்யூட் நோட்ஸ் இருக்கா?"ன்னு கேட்டான். இன்ஜினீயரிங் பசங்ககிட்ட வேற எது இல்லாட்டியும் ஆப்டிட்யூட் நோட்ஸ் இருக்குமே! என் கையெழுத்து நோட்டை மொபைல்ல பக்கம் பக்கமா போட்டோ எடுத்து, அழகா கிராப் பண்ணி, பிடிஎஃப் ஆக்கி அனுப்பிட்டேன். 47 பக்கம். 'நட்புன்னா என்னன்னு நினைச்ச!'ன்னு எனக்கு நானே காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ரெண்டு நாள் பதிலே இல்லை. மூணாவது நாள் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "மச்சி, உன் பிடிஎஃப்ல 47 பக்கம் இருக்குன்னு என் போன் சொல்லுச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குது. உள்ள ஏதாவது இருக்கா?"

அவன் போன்ல திரையில இருக்கிறதைப் படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு. அதுக்கு எழுத்து இருந்தாதான் படிக்கத் தெரியும். நான் அனுப்பினது எழுத்து இல்லை, 47 போட்டோ. அதுக்கு 47 வெள்ளைப் பேப்பரும் என் நோட்ஸும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர் படிக்கிற எனக்கு இது தெரியலை. தூக்கி விட்ட காலர் தானா இறங்கிடுச்சு.

அந்த அசட்டுத்தனத்துலதான் இந்தக் கட்டுரை ஆரம்பிச்சது ஃப்ரெண்ட்ஸ். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஸ்கூல்ல ஏதோ கருவிகள் கிடைக்குது. சரி, ப்ளஸ் டூ முடிஞ்சு காலேஜ், பரீட்சை, பேங்க் அக்கவுன்ட், வேலைன்னு அவங்க வெளியில வரும்போது அந்தக் கருவிகளும் கூட வருதா? கேட்டுக்கிட்டே போனேன். பதில் பாதி சந்தோஷம், பாதி கோபம். இதுல ஆச்சரியம் என்னன்னா, இந்தக் கதையோட முக்கியமான ஒரு அத்தியாயம் நம்ம காட்பாடியிலேயே இருக்கு!

ஆறு கீ, ஒரு மணி!

நண்பன் படிச்சது பார்வையற்றோருக்கான விடுதிப் பள்ளி. அங்கதான் அவனுக்கு பிரெய்லர் அறிமுகம். நீங்க பார்த்திருக்கீங்களா? பழைய டைப்ரைட்டரோட தம்பி மாதிரி இருக்கும். ஆனா ஏ-விலிருந்து இஸட் வரைக்கும் கீ கிடையாது. இடது பக்கம் மூணு, வலது பக்கம் மூணு, நடுவுல இடைவெளிக்கு ஒண்ணு. எழுதறதுக்கு அவ்வளவுதான்.

பிரெய்ல் எழுத்துன்னா ஆறு புள்ளிதான். எந்தெந்தப் புள்ளி மேடா இருக்குங்கிறதுதான் எழுத்து. 'க'ன்னா 1, 3-ஆம் புள்ளிகள். 'ஏ'ன்னா 1, 5. ஹார்மோனியத்துல ஒரே நேரத்துல ரெண்டு மூணு கட்டையை அழுத்துற மாதிரி, தேவையான கீயை எல்லாம் சேர்த்து அழுத்தினா ஒரு எழுத்து. வரி முடியப் போகுதுன்னா 'டிங்'னு மணி அடிக்கும்.

நம்ம தமிழுக்கு இதுல ஒரு சுவாரஸ்யம். அச்சுல 'கே' எழுதும்போது இரட்டைக்கொம்பு முன்னாடி வரும், 'க' பின்னாடி வரும். பிரெய்ல்ல அந்தக் குழப்பமே இல்லை. காதுல கேட்கிற வரிசைதான். முதல்ல க, அடுத்து ஏ. "நீங்கதான்டா தலைகீழா எழுதுறீங்க"ன்னு நண்பன் என்னைக் கிண்டல் பண்ணுவான்.

பிரெய்லருக்கு முன்னாடி, இப்பவும் நிறைய இடங்கள்ல, பலகையும் குத்தூசியும்தான். பேப்பர்ல ஒவ்வொரு புள்ளியா குத்தணும். பின்பக்கம்தானே மேடு வரும்? அதனால வலமிருந்து இடமா, கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பி எழுதணும். எழுதினதைப் படிக்கணும்னா பேப்பரைக் கழற்றித் திருப்பணும். ஒரு கணக்கைப் பாதியில நிறுத்தி, மேலே என்ன எழுதினோம்னு பார்க்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். பிரெய்லர்ல புள்ளி மேல் பக்கமே எழும்பும். எழுதின அடுத்த நொடியே விரல் வெச்சுப் படிக்கலாம்.

இதைச் செஞ்சவர் பேர் டேவிட் ஆபிரகாம். அமெரிக்காவுல பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில மரவேலை வாத்தியார்! இன்ஜினீயரிங் கம்பெனி முதலாளி இல்லை, விஞ்ஞானி இல்லை. தினமும் அந்தப் பசங்களோட இருந்த ஒரு வாத்தியார். 1951-இல் பெர்கின்ஸ் பிரெய்லர் தயாரிப்புக்கு வந்துச்சு. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'பாரதி பிரெய்ல்' முடிவானதும் அதே 1951-இல்தான். இதுவரைக்கும் 3 லட்சத்துக்கும் மேல பெர்கின்ஸ் பிரெய்லர்கள் உலகம் முழுக்கப் போயிருக்கு.

டி.சி. கொடுத்தாங்க, மெஷினை வாங்கிக்கிட்டாங்க

"ஸ்கூல்ல எனக்குன்னு ஒரு பிரெய்லர் இருந்துச்சு மச்சி. எட்டாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அதே மெஷின். நாலாம் நம்பர் கீ கொஞ்சம் இறுக்கமா இருக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி என் விரலே பழகிடுச்சு. டி.சி. வாங்குற அன்னைக்கு அதைத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்துட்டு வந்தேன்."

இதைச் சொல்லும்போது அவன் யாரையும் குறை சொல்லலை. நியாயம்தான். மெஷின் ஸ்கூலோடது. அடுத்த பையனுக்கு வேணும். சொந்தமா வாங்கலாம்னா அது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகிற விலையில்லை. அவன் அப்பா ஷூ கம்பெனியில லாஸ்டிங் செக்ஷன். எங்க அப்பா அதே கம்பெனியில கட்டிங். ரெண்டு வீட்டுப் பட்ஜெட்டும் எனக்குத் தெரியும்!

ஸ்கூல்ல கருவியோட கூடவே வேற சிலதும் இருந்துச்சு. பிரெய்ல் தெரிஞ்ச டீச்சர், பிரெய்ல் புத்தகம், 'இவனுக்கு என்ன வேணும்?'னு கேட்காமலே தெரிஞ்ச ஆட்கள். காலேஜுக்குள்ள நுழைஞ்ச முதல் நாள் எல்லாம் ஒரே நேரத்துல காணாமப் போச்சு. யூனிஃபார்ம் மாதிரி அதையும் கழற்றி வெச்சுட்டு வரணும் போல!

முதல் வருஷம் நடந்த ஒரு கூத்தைச் சொல்றேன். 'நாளைக்கு மழை, காலேஜ் லீவு'ன்னு நோட்டீஸ் போர்டை யாரோ போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டாங்க. இவன் போன் சொன்னது ஒரே வார்த்தை: 'போட்டோ'. மறுநாள் கொட்டுற மழையில, ஆம்பூர்ல ரயிலேறி, பச்சகுப்பம், குடியாத்தம் எல்லாம் தாண்டி காட்பாடியில இறங்கி, பஸ் பிடிச்சு காலேஜுக்குப் போயிருக்கான். வாட்ச்மேன் அண்ணன் கேட்டாராம், "ஏன் தம்பி, மெசேஜ் பார்க்கலையா?"

அவன் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை.

காட்பாடியில இறங்கிப் பாருங்க

தினமும் ஆயிரக்கணக்கான ஸ்டூடன்ட்ஸ் காட்பாடி ஜங்ஷன்ல இறங்குறோம். அதே காட்பாடியில 'வொர்த் டிரஸ்ட்'னு ஒரு நிறுவனம் இருக்கு. அங்க, பெர்கின்ஸ் அமைப்போட சேர்ந்து, பிரெய்லர்கள் தயாராகுது. மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யுற இடம் அது. நண்பன் ஸ்கூல்ல தட்டின மெஷின் அங்க செஞ்சதா, அமெரிக்காவுல செஞ்சதான்னு அவனுக்குத் தெரியாது. ஆனா அவன் தினமும் ரயில்ல இறங்குற ஊர்லயே அது தயாராகுதுன்னு நான் சொன்னதும், "டேய், நிஜமாவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான்.

இந்த இடம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

1946-இல் பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால விரல்கள் மடங்கிப் போனவங்களுக்கு அறுவை சிகிச்சை செஞ்சு கையைத் திரும்ப வேலை செய்ய வெச்சவர். காட்பாடி பக்கத்துல காரிகிரியில 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மையமும் தொடங்கினாங்க. அந்த நோய்ல பெரிய ஆபத்து, பாதத்துல உணர்ச்சி போயிடறது. முள்ளு குத்தினாலும் தெரியாது, செருப்பு கடிச்சாலும் தெரியாது. புண்ணாகி, புரையோடி, கடைசியில காலையே இழக்கணும். அதனால பாதத்தோட எடை ஒரே இடத்துல அழுந்தாம பரவுற மாதிரி, மைக்ரோசெல்லுலர் ரப்பர்ங்கிற மெத்துமெத்து ரப்பரை வெச்சு, ஆணி அடிக்காத செருப்பு செஞ்சாங்க. தோலும் ஷூவும் நம்ம பெல்ட்டோட தொழில். உலகத்துக்கே ஷூ அனுப்புற இதே மண்ணுலதான், உணர்ச்சி இல்லாத ஒரு பாதத்துக்கு எப்படிச் செருப்பு செய்யணும்னும் யோசிச்சிருக்காங்க. இன்னைக்குச் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கிற எம்.சி.ஆர். செருப்பும் அதே யோசனைதான்.

அதே சி.எம்.சி.யில இன்னொருத்தர், டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே செயலிழந்துடுச்சு. இளம் டாக்டர், வாழ்க்கையே முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க. அவர் வீல்சேர்ல உட்கார்ந்துக்கிட்டே தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டுத் திரும்பி வந்து, சி.எம்.சி.யில அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்துல மறுவாழ்வு மையம் திறந்தாங்க. இன்னைக்கு அது அவர் பேர்லயே இருக்கு. 1972-இல் பத்மஸ்ரீ. வீல்சேர்ல இருக்கிறவருக்கு என்ன தேவைன்னு, வீல்சேர்ல இருந்த டாக்டரைவிட யாருக்குத் தெரியும்?

சரி, ஆபரேஷன் ஆச்சு, கை சரியாச்சு. அப்புறம்? ஊருக்குத் திரும்பினா யார் வேலை கொடுப்பாங்க? நோய் குணமான பிறகும் பக்கத்துல உட்காரவே பயந்த காலம். அந்த 'அப்புறம்?'ங்கிற கேள்விக்குத்தான் 1963-இல் ஸ்வீடன் நாட்டு செஞ்சிலுவைச் சங்கம் காட்பாடியில ஒரு பட்டறை ஆரம்பிச்சது. தொழுநோயிலிருந்து குணமானவங்களுக்கு மெஷின் வேலை கத்துக்கொடுத்து, சம்பளமும் கொடுத்த இடம். பிற்பாடு மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் கதவைத் திறந்து, வொர்த் டிரஸ்டா மாறினது அதுதான்.

கவனிச்சீங்களா? கருவி கொடுத்ததோட, சிகிச்சை கொடுத்ததோட அவங்க நிறுத்தலை. அடுத்த படியையும் கட்டினாங்க. ஏறக்குறைய 60 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ல கேட்ட கேள்வியை, இன்னைக்கு நாம காலேஜ் வாசல்ல கேட்க மறந்துட்டோம்.

அம்மா = எம், கே, செமிகோலன்!

பிரெய்லர் கையைவிட்டுப் போனா என்ன, இப்போ கம்ப்யூட்டரே பேசுதேன்னு நீங்க கேட்கலாம். கரெக்ட். 'ஜாஸ்'னு ஒரு ஸ்க்ரீன் ரீடர் 1989-லேயே வந்துடுச்சு. பிரமாதமான சாஃப்ட்வேர், ஆனா காசு. 2006-இல் ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்னு பார்வையில்லாத இளைஞர் ஒருத்தர், 'கண்ணு தெரிஞ்சவங்க கம்ப்யூட்டர் வாங்கினா ஸ்க்ரீனுக்குத் தனியா காசு கொடுக்கறதில்லையே, நாங்க மட்டும் ஏன் கொடுக்கணும்?'ங்கிற கோபத்துல 'என்விடிஏ'ன்னு ஒண்ணை எழுத ஆரம்பிச்சார். ஜேம்ஸ் தேங்கிற இன்னொரு பார்வையில்லாத நண்பரும் சேர்ந்துக்கிட்டார். இன்னைக்கும் அது இலவசம். தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டு போன்ல 'டாக்பேக்' கூடவே வருது. நண்பன் கேட்கிற வேகம் இருக்கே... எனக்கு அது தேனீக்கூட்டம் ரீங்காரம் மாதிரி கேட்குது. அவன் ஜாலியா தலையாட்டிக்கிட்டே பத்தி பத்தியா தாண்டிப் போறான்.

ஆனா வில்லன் எங்க இருக்கான் தெரியுமா? ஃபான்ட்ல!

டி.டி.பி. சென்டர்ல பழைய பாமினி ஃபான்ட்ல 'அம்மா'ன்னு அடிச்சுத் தர்றாங்கன்னு வைங்க. நமக்கு ஸ்க்ரீன்ல அம்மாதான் தெரியும். ஆனா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துகள். ஸ்க்ரீன் ரீடர் அதை 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்'னு படிக்கும். ஒரு அம்மாவுக்கே இந்தக் கதின்னா, ஒரு முழு சிலபஸுக்கு? தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைப் பயன்படுத்தச் சொல்லி ஆணை போட்டாச்சு. ஆனா டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டர்ல தூங்குற பழைய கொஸ்டின் பேங்க்குக்கு அந்த ஆணை தெரியாதே!

கணக்கு இன்னும் மோசம். சமன்பாட்டைப் படமா ஒட்டிட்டா ஸ்க்ரீன் ரீடர் 'படம்'னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடும். கேள்வியோட உயிரே அந்தப் படத்துக்குள்ளதான் இருக்கும்.

மூணு வாசல்

காலேஜ் முடிச்சு வெளியே வர்ற ஒருத்தருக்கு மூணு வாசல் காத்திருக்கு. பரீட்சை ஹால், பேங்க், வேலை. ஒவ்வொண்ணுலயும் சட்டம் கொஞ்சம் கொஞ்சமா கதவைத் திறந்திருக்கு. நமக்கு அது தெரியறதில்லைங்கிறதுதான் சோகம்.

முதல் வாசல்: பரீட்சை. நண்பனுக்கு ஒரு தடவை வந்த ஸ்க்ரைப் ரொம்ப நல்ல பையன். ஆனா ஸ்பெல்லிங் தெரியாது. ஷேக்ஸ்பியரை ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்ல எழுதினானாம். பெல் அடிக்கும்போது ரெண்டு பெரிய கேள்வி பாக்கி. தெரிஞ்ச பதில், போன மார்க். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் என்ன சொல்லுச்சு தெரியுமா? ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம். பிரெய்ல், கம்ப்யூட்டர், பெரிய எழுத்து, ஏன், பதிலைப் பேசி ரெக்கார்ட் பண்றதுன்னு எந்த முறையில எழுதணும்னு மாணவரே தேர்ந்தெடுக்கலாம். நண்பனுக்கு இது மூணாவது வருஷம்தான் தெரிஞ்சுது. தானே டைப் பண்ணத் தெரிஞ்சவன், ரெண்டு வருஷம் அடுத்தவர் கையை நம்பி எழுதியிருக்கான்!

இரண்டாவது வாசல்: பேங்க். ஆன்லைன்ல அக்கவுன்ட் தொடங்கணுமா? 'கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்க'ன்னு சொல்லும். கண் பாதிக்கப்பட்டவங்க என்ன பண்ணுவாங்க? ஆசிட் தாக்குதலுக்கு ஆளானவங்களும் பார்வையில்லாதவங்களும் இதைச் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கொண்டு போனாங்க. 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பு வந்துச்சு. டிஜிட்டல் சேவைகளைப் பயன்படுத்த முடியறது, அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவு தர்ற வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆப் எழுதப்போற இன்ஜினீயர் மக்களே, இது உங்க காதுல விழுந்துச்சா?

மூன்றாவது வாசல்: வேலை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில 4 சதவிகிதமும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல 5 சதவிகிதமும் இட ஒதுக்கீடு கொடுக்குது. 1995 சட்டத்துல 7 வகையா இருந்த பட்டியல் இதுல 21 ஆச்சு. சென்னைப் பொண்ணு பெனோ ஜெஃபைன் ஞாபகம் இருக்கா? முழுப் பார்வையிழப்பு. அம்மா மணிக்கணக்கா புத்தகம் படிச்சுக்காட்ட, ஜாஸ் மீதியைப் படிச்சுக்காட்ட, ஸ்டேட் பேங்க்ல அதிகாரி ஆனார். சிவில் சர்வீஸ் தேர்வுல 343-வது ரேங்க். 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில சேர்ந்தார். முழுப் பார்வையிழப்போட அந்தப் பணிக்குப் போன முதல் ஆள் அவர்தான். இதுல நான் கவனிச்சது ஒண்ணுதான். அவருக்கு ஸ்கூல்ல கிடைச்ச உதவி ஸ்கூலோட நிக்கலை. அம்மாவோட குரலா, சாஃப்ட்வேரா, காலேஜ், பேங்க், பரீட்சைன்னு ஒவ்வொரு வாசலுக்கும் கூடவே வந்துச்சு.

நம்ம ஊர்ல இந்த மூணாவது வாசல் பத்தி ஒரு பழக்கம் உண்டு. ப்ளஸ் டூல மார்க் குறைஞ்சா, "சரி விடு, கம்பெனிக்குப் போ"ம்பாங்க. ஷூ கம்பெனி நமக்கெல்லாம் ஒரு தைரியம். ஆனா நண்பன் காலேஜ் சேர்ந்தப்போ தெருவுல சொன்னது வேற: "இவனுக்கு எதுக்கும்மா காலேஜு? கவர்மென்ட் பணம் வருமில்ல, வீட்டுல இருக்கட்டுமே." அவங்க அம்மா சொன்ன பதில் எங்க தெருவுல இன்னைக்கும் ஃபேமஸ். "பணம் வரும்க்கா. அவன் பொழுது யாரு தருவா?"

நம்மளால முடிஞ்சது

ஐ.ஐ.டி. ரேஞ்சுல பெரிய வேலைகள் நடக்குது. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழு உருவாக்கின 'அரைஸ்' வீல்சேர் 2019-இல் வெளியாச்சு. அதுல உட்கார்ந்திருக்கிறவர் தானே எழுந்து நிக்கலாம். ஐ.ஐ.டி. டெல்லியோட 'ஸ்மார்ட்கேன்' 2014-இல் வந்துச்சு. சாதாரண வெள்ளைக்கோல் தரையில இருக்கிறதைத்தான் சொல்லும். இது முட்டிக்கு மேல இருக்கிற தடையையும் அதிர்வு மூலமா சொல்லும். தெருவோரம் பின்கதவைத் திறந்து போட்டு நிக்கிற லோடு வண்டியில நெஞ்சை இடிச்சுக்கிட்ட யாருக்கும் இதோட அருமை புரியும்!

நாம அவ்வளவு தூரம் போக வேண்டாம். இந்த வாரமே பண்ணக்கூடியது இது:

1. நோட்ஸை டைப் பண்ணி அனுப்புங்க. தமிழ்னா யூனிகோட்ல மட்டும். புத்தகம் ஸ்கேன்னா, படத்தை எழுத்தா மாத்துற ஓ.சி.ஆர். போட்டு, ஒரு தடவை தப்பு திருத்தி அனுப்புங்க. உங்க பிடிஎஃப்ல ஒரு வார்த்தையை மவுஸால செலக்ட் பண்ண முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா அது வெறும் போட்டோ.

2. 'புத்தகத்தை ஸ்கேன் பண்ணா காப்பிரைட் கேஸ் ஆயிடுமோ?'ன்னு பயமா? 2012-இல் திருத்தின காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளி நண்பருக்காக லாப நோக்கமில்லாம அவருக்குப் படிக்கத் தோதான வடிவத்துல மாத்தித் தர்றதை அனுமதிக்குது. இதுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகத்துலயே முதல்ல ஏத்துக்கிட்ட நாடு இந்தியாதான்! 'சுகம்ய புஸ்தகாலயா'ங்கிற ஆன்லைன் நூலகம் 2016-லிருந்து இருக்கு. சொல்லுங்க அவங்ககிட்ட.

3. குரூப்ல நோட்டீஸ் போட்டோ போட்டா, கீழே ஒரு வரி டைப் பண்ணுங்க. பத்து செகண்ட் வேலை. ஒருத்தரோட மழை நாள் மிச்சம்.

4. காது கேட்காத கிளாஸ்மேட் இருந்தா, செமினார்ல போர்டைப் பார்த்துக்கிட்டே பேசாதீங்க. முகத்தைக் காட்டிப் பேசுங்க. மொபைல்ல பேச்சை எழுத்தாக்குற ஆப் இருக்கு, முன்னாடி வையுங்க.

5. ப்ராஜெக்ட்டுக்கு வெப்சைட், ஆப் பண்றீங்களா? ஸ்க்ரீனை அணைச்சுட்டு, ஸ்க்ரீன் ரீடரோட உங்க ஆப்பை நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. 'பட்டன், பட்டன், பட்டன்'னு மட்டும் படிச்சா, நீங்க பேர் வைக்க மறந்துட்டீங்கன்னு அர்த்தம்.

6. எந்தக் கருவிக்கு அரசு உதவி உண்டுன்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. பார்வை, செவித்திறன் பாதிச்சவங்களுக்கு ஸ்மார்ட்போன், கால் பாதிச்சவங்களுக்கு இணைப்புச் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர்னு திட்டங்கள் இருக்கு. நண்பருக்குத் துணையா ஒரு நாள் போங்க. ஆனா கவுன்ட்டர்ல பேச வேண்டியது அவர்தான், நீங்க இல்லை!

கடைசிப் பாயின்ட்டுக்குக் காரணம் இருக்கு. கருவியோ உதவியோ, 'இவங்களுக்கு இதுதான் வேணும்'னு நாமளா முடிவு பண்ணினா, என் 47 போட்டோ மாதிரி ஆயிடும். முதல்ல கேட்டுருங்க.

அப்புறம் அந்த நோட்ஸ் என்ன ஆச்சு?

ஒன்பது நாள் ராத்திரி உட்கார்ந்து 47 பக்கத்தையும் டைப் பண்ணினேன். என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியலைங்கிறது தனிக் கதை. ஸ்க்ரீன் ரீடர்ல போட்டு ஒரு தடவை முழுசா கேட்டும் பார்த்தேன். அனுப்பினேன். இந்தத் தடவை அரை நாள்ல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.

"மச்சி, சூப்பர்டா. ஆனா 31-ஆம் பக்கத்துல அந்த ரயில் கணக்கு... எதிரெதிரா வர்ற ரெண்டு ரயிலோட வேகத்தைக் கூட்டணும்டா. நீ கழிச்சு வெச்சிருக்க. ரெண்டு வருஷமா இப்படித்தான் படிச்சிட்டிருக்கியா?"

எடுத்துப் பார்த்தேன். தப்புதான். என் கிளாஸ்ல பத்து பேர் ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ் அது. ஒருத்தரும் கண்டுபிடிக்கலை.

பேங்க் எக்ஸாம்ல அவனுக்கு நான் போட்டியா போறதா இருந்தேன். இப்போ கொஞ்சம் யோசனையா இருக்கு!